தொப்பி அண்ணையும் பல்லிளிக்கும் கழுதையும்

லண்டனில் ஒருவரின் மானம் போக ஆயிரம் வழிகள் இருக்கின்றன. பாதாள ரயிலில் வாயைப் பிளந்து தூங்கலாம். சூப்பர் மார்க்கெட்டில் பின்னால் நீண்ட வரிசை நிற்கும்போது வங்கி அட்டை வேலை செய்யாமல் போகலாம். ஆனால் எல்லாவற்றிலும் சுருக்கமான வழி, தொப்பி அண்ணையோடு வெம்பிளிக் கடைத்தெருவில் ஒருமுறை நடந்துபோவதுதான். நான் வருடக்கணக்காக நடந்திருக்கிறேன். மானம் என்று என்னிடம் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. இதையெல்லாம் கூசாமல் எழுத முடிவது அதனால்தான்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். வெம்பிளிக்குப் பக்கத்தில், கார்கள் வந்து நிரப்பிப் போகும் ஒரு பெற்றோல் செட்டில் இரண்டு கல்லா இருந்தன. ஒன்றில் அவர், மற்றதில் நான். அவர் தலையில் எப்போதும் ஒரு தொப்பி. கடுகு மஞ்சள் நிறம், முன்னால் ஒரு கோவேறு கழுதையின் படம். கழுதை சும்மா நிற்காது. ஈறு வரைக்கும் தெரிய எங்களைப் பார்த்துப் பல்லை இளிக்கும். 'மியூல்ஸ்' என்ற அமெரிக்க பேஸ்போல் அணியின் சின்னம் அது.

எங்கள் ஆட்களுக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். சிலருக்கு உதைபந்தாட்டம். கல்யாண வீட்டில் நாலு ஆண்கள் கூடினால் இந்த இரண்டில் ஒன்றுதான் ஓடும். தொப்பி அண்ணை அந்த வட்டத்துக்குள் தன் கதிரையை இழுத்துப் போட்டு, "கார்லோஸின்ரை தோள் இப்ப பரவாயில்லையாம்" என்பார். வட்டம் கலைந்துவிடும். கார்லோஸ் யார் என்று தெரியாமலே ஆட்கள் சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விடுவார்கள். அவர் பக்கத்தில் நான் மட்டும் மிஞ்சுவேன்.

பேஸ்போல் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒருவர் பந்தை எறிவார். மற்றவர் உருண்டைத் தடியால் அதை அடிக்கப் பார்ப்பார். பெரும்பாலும் பந்து தடியில் படாது. தப்பித் தவறிப் பட்டால் நாலு மூலையையும் தொட்டு ஓடிவர வேண்டும். மற்ற நேரமெல்லாம் எல்லோரும் சூயிங்கம் சப்பிக்கொண்டு நிற்பார்கள். ஊரில் பள்ளிக்கூடத்தில் நாங்கள் விளையாடிய எல்லேயும் ஏறத்தாழ இதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை அண்ணையிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"அண்ணை, இது எங்கடை எல்லேதானே?"

அவர் மீதிக் காசை எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "தம்பி, உம்மடை மனுசியைப் பாத்து ஒருத்தன், இவ எங்கடை பக்கத்து வீட்டு அக்கா மாதிரித்தானே எண்டால் உமக்கு எப்பிடி இருக்கும்?"

அன்று முழுவதும் அவர் என்னோடு பேசவில்லை. அன்று நிம்மதியாக வேலை செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மியூல்ஸ் அணிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அவர்கள் தோற்பார்கள். எடுத்த எடுப்பில் தோற்பதில்லை. வென்றுவிட்டார்கள் என்று நம்பிப் பார்ப்பவர் எழுந்து நின்று கைதட்டத் தொடங்கிய பிறகு தோற்பார்கள். இப்படி ஒரு அணியைத் தேடிப் பிடித்து அதற்காக ஒரு மனிதர் உயிரை விடுகிறார் என்றால் அவர் தலையில் ஏதோ பிசகு என்றுதான் நானும் நினைத்தேன்.

அமெரிக்காவில் ஆட்டம் நடக்கும் நேரம் இங்கே ஊர் உறங்கிவிடும். அண்ணைக்குக் காலை ஷிப்ட். ஆகவே பின்னேரம் வீட்டுக்குப் போய், குளித்து, திருநீறு பூசி, சாமி கும்பிட்ட கையோடு கணினி முன்னால் உட்கார்ந்து முந்தின நாள் ஆட்டத்தைப் பார்ப்பார். அதுவரைக்கும் ஸ்கோர் அவர் காதில் விழக்கூடாது. இதில் என்ன சிக்கல் என்று நீங்கள் கேட்கலாம். வெம்பிளியில் மியூல்ஸ் வென்றதா தோற்றதா என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் ஒருவருக்கும் இல்லை. சும்மா இருந்திருந்தாலே போதும், அவர் பாதுகாப்பாக இருந்திருப்பார்.

அவரால் சும்மா இருக்க முடியவில்லை. பெற்றோல் அடித்துவிட்டு வருகிற ஒவ்வொருவரிடமும், காலை வணக்கம் சொல்வதற்கு முன்பே, "தயவுசெய்து ஸ்கோரை மட்டும் சொல்லிவிடாதீர்கள்" என்று ஆங்கிலத்தில் கும்பிடுவார். தினமும் பால் வாங்க வரும் குஜராத்தி மாமி, இது யாரோ பிள்ளையின் பரீட்சை விஷயம் என்று நினைத்து, மகன் நல்லாப் பாஸ் பண்ணுவான், நான் பிரார்த்திக்கிறேன் என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னார். அண்ணை உருகிப்போய் நன்றி சொன்னார். அவருக்கு மகனே இல்லை.

ஆட்களுக்கு மெல்ல மெல்ல ஆவல் வந்துவிட்டது. எந்த ஸ்கோர், என்ன ஆட்டம் என்று கேட்கத் தொடங்கினார்கள். குழாய் திருத்தும் போலந்துக்காரர் ஒருவர் வருவார், மிக நல்ல மனிதர். ஒருநாள் காலை தன் வான் வண்டியை நிறுத்திவிட்டு நேரே அண்ணையிடம் வந்து அவர் தோளில் கை வைத்தார். "கவலைப்படாதே நண்பா, தோற்றுவிட்டார்கள். ஆனால் நன்றாகத்தான் ஆடினார்களாம்" என்றார். அண்ணைக்காக வீட்டிலேயே போனில் தேடிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

அண்ணை கல்லாவைப் பூட்டினார். பின்னால் இருந்த குளிரறைக்குள் போய் பால் பெட்டிகளுக்கு நடுவே சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டார். வரிசை பெற்றோல் பம்ப் வரைக்கும் நீண்டது. நான் உள்ளே ஓடினேன்.

"அண்ணை, வெளியிலை கியூ நிக்குது."

"நிக்கட்டும்."

"மனேச்சர் வந்திட்டார் அண்ணை."

"வந்தால் அவருக்கும் சொல்லும், தோத்திட்டம் எண்டு."

மனேச்சர் என்னைத் தனியே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தி, குடும்பத்தில் யாராவது தவறிவிட்டார்களா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல வெட்கம். உண்மையைச் சொல்ல அதைவிட வெட்கம். நான் தலையை ஒரு மாதிரி ஆட்டிவைத்தேன். பின்னேரம் ஷிப்ட் முடியும்போது எல்லோரும் கையெழுத்துப் போட்ட ஒரு அனுதாப அட்டை அண்ணையின் கையில் கொடுக்கப்பட்டது. அவர் அதை வாசித்துவிட்டு, "பாத்தீரோ தம்பி, வெள்ளைக்காரனுக்கு விளங்குது, உமக்கு விளங்கேல்லை" என்றார்.

வேலையிடத்தில் போன மானம் போதாதென்று கோயிலும் வந்தது. லண்டனில் எந்தக் கோயில் என்று சொல்ல மாட்டேன். நான் இன்னும் அங்கே போக வேண்டியிருக்கிறது. அண்ணை மகா பக்திமான். தொப்பியைக் கழற்றினால் நெற்றியின் நடுவே எப்போதும் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். எவ்வளவு வியர்த்தாலும் அழியாது. எந்தக் கடையில் இப்படி நல்ல குங்குமம் கிடைக்கிறது என்று நான் வியந்ததுண்டு. கோயிலுக்குள் தொப்பி போட விடமாட்டார்கள் என்பதால், மேல்சட்டையைக் கழற்றி வேட்டியோடு நிற்கும்போது தொப்பியை இடுப்பில் செருகிக்கொள்வார். கழுதை முகம் வெளியே பார்த்தபடி இருக்கும். பிள்ளையார் சன்னதியில் நிற்கும் சனத்தைப் பார்த்து அது பல்லை இளிக்கும். பக்கத்தில் நான்.

கார்லோஸ் என்பவர் மியூல்ஸ் அணியின் பந்து எறிகிற பெடியன். அவனுக்குத் தோளில் பிடிப்பு வந்துவிட்டது. அண்ணை அர்ச்சனைச் சீட்டோடு ஐயர் முன்னால் போய் நின்றார்.

"ஆற்றை பேருக்கு?" என்றார் ஐயர்.

"கார்லோஸ்."

ஐயர் என்னைப் பார்த்தார். நான் பிள்ளையாரைப் பார்த்தேன்.

"நட்சத்திரம்?"

"பூராடம். தனு ராசி. இடதுகைக்காரன்."

"கோத்திரம்?"

"அது தெரியேல்லை ஐயா. சிவகோத்திரம் எண்டு சொல்லிவிடுங்கோ."

நட்சத்திரம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? கார்லோஸின் அம்மா ஏதோ ஒரு பேட்டியில் அவன் பிறந்த நேரத்தைச் சொல்லியிருக்கிறார். அண்ணை அதைப் பிடித்துக்கொண்டு சவுத்தாலில் ஒரு சாத்திரியாரிடம் போய் முழுச் சாதகமும் எழுதுவித்துவிட்டார். சாத்திரியார், பெடியன் வாகனத்தில் கவனமாகப் போகவேண்டும் என்றாராம். அதற்கு அடுத்த வாரம்தான் தோள் பிடித்தது. வாகனத்துக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம் என்று என்னிடம் கேட்காதீர்கள். அண்ணையிடம் நான் கேட்டு வாங்கிக் கட்டியது போதும்.

தோள் சரியானால் தேருக்குத் தேங்காய் உடைப்பதாக அண்ணை நேர்த்தி வைத்தார். தோள் சரியாகிவிட்டது. தேர்த் திருவிழா வந்தது. ஒரு சாக்குத் தேங்காயோடு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். தேர் வரும் வழியில் ஒரு கல்லைப் போட்டிருந்தார்கள். மற்றவர்கள் எல்லோரும் தேங்காயைத் தலைக்குமேல் தூக்கிக் கல்லில் ஓங்கி அடித்துவிட்டு ஒதுங்கினார்கள். அண்ணையின் முறை வந்தது. அவர் கல்லை விட்டுப் பின்னால் பின்னால் போனார். சனம் எதற்கென்று தெரியாமல் வழிவிட்டது. ஒரு தேங்காயை மார்போடு அணைத்துக்கொண்டு, நாதஸ்வரக்காரரைக் கடைக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தார். அவர் எங்கேயோ ஓடிவிடப் போகிறார் என்பது போன்ற பார்வை. பிறகு, வேட்டி கட்டிய மனிதர் தெருவில் செய்யவே கூடாத காரியம், ஒரு காலை நெஞ்சுவரைக்கும் தூக்கினார். பக்கத்தில் நின்ற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கார்லோஸ் பந்தை எறிவதுபோலக் கையை ஒரு சுழற்றுச் சுழற்றித் தேங்காயை விட்டார்.

கல் அப்படியே இருந்தது. தேங்காய் தேருக்கு முன்னால் போன வான் வண்டியின் ஒலிபெருக்கியில் போய் விழுந்தது. பாடிக்கொண்டிருந்த பக்திப் பாட்டு நின்றுவிட்டது. அந்தத் தெரு அப்படி அமைதியாக என்றைக்கும் இருந்திருக்காது. அந்த அமைதியில் அண்ணை பேஸ்போல் நடுவரைப்போல வலது கையை மடக்கி உயர்த்தி, "ஸ்ட்ரைக்!" என்று கத்தினார்.

கோயில் சபைச் செயலாளர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். "தம்பி, உந்த ஆள் உங்கடை ஆளோ?"

தேங்காய்ச் சாக்கு என் கையில் இருந்தது. "இல்லை ஐயா, ஆரெண்டு தெரியாது. சாக்கைப் பிடிச்சுக்கொண்டு நில்லும் எண்டார், நிண்டனான்" என்றேன்.

அண்ணை கேட்டுக்கொண்டு நின்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் மல்லாத்தி வைத்திருந்தார். அதை நான் உட்பக்கமாகப் பார்த்தது அன்றைக்குத்தான். உள்ளே, நெற்றி படுகிற இடத்தில், மியூல்ஸ் சின்னம் பொறித்த ஒரு சின்னப் பித்தளை வில்லை ஊசியால் குத்தியிருந்தது. அதன் முனை துருத்திக்கொண்டு நின்றது. அண்ணையின் நெற்றியைப் பார்த்தேன். அழியாத குங்குமத்தின் ரகசியம் விளங்கிவிட்டது.

"எனக்கு வெக்கமாக் கிடக்குது தம்பி" என்றார்.

எனக்கு உள்ளூரச் சந்தோசம். இத்தனை வருடத்துக்குப் பிறகு மனிதருக்கு வெட்கம் வந்துவிட்டதே. "பரவாயில்லை அண்ணை. ஸ்பீக்கரைத் திருத்தலாம்" என்றேன்.

"நான் ஸ்பீக்கரைச் சொல்லேல்லை" என்று வில்லையைத் தடவினார்.

அப்போதுதான் கதையைச் சொன்னார். அவர் அகதியாக வந்து இறங்கிய முதல் பனிக்காலம். ஒரு தேவாலய மண்டபத்தில் பழைய உடுப்புகளைக் குவித்து வைத்து, புதிதாக வந்தவர்களுக்குக் கொடுத்தார்களாம். மற்றவர்கள் நல்ல கோட்டுகளையெல்லாம் எடுத்துவிட, இவருக்குக் கிடைத்தது இந்தத் தொப்பி. கழுதைப் படம் எதற்கென்று அவருக்குத் தெரியாது. காது குளிர்ந்தது, போட்டுக்கொண்டார். பெற்றோல் செட்டில் வேலையும் கிடைத்தது. ஒருநாள் வாடகைக் காரில் ஒரு அமெரிக்கர் வந்தார். நெடிய மனிதர். காசு கட்ட வந்தவர் தொப்பியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாராம்.

"அந்தாள் ஏதோ கேட்டுது தம்பி. எனக்கு அப்ப இங்கிலீஷ் எங்கை? ஆர் என்ன கேட்டாலும் யெஸ் எண்டு சொல், பிரச்சினை வராது எண்டு அறையிலை இருந்த பெடியள் சொல்லித் தந்தவங்கள். நானும் யெஸ் எண்டன். நீயும் மியூல்ஸ் ஆளோ எண்டு கேட்டிருக்குது. யெஸ். கனகாலமோ? யெஸ். கப் எடுக்கப்போய் கடைசியிலை தோத்தமே, அண்டைக்கு நீயும் அழுதனியோ? அதுக்கும் யெஸ். அந்தாளின்ரை கண் கலங்கிப்போச்சு. தன்ரை கோட்டிலை இருந்த இந்த வில்லையைக் கழட்டி என்ரை தொப்பியிலை குத்திவிட்டுது. தகப்பன்ரையாம். என்னைக் கட்டிப்பிடிச்சுப்போட்டுக் கார் ஏறிப் போட்டுது. மற்றக் கல்லாவிலை அப்ப நிண்ட பெடியன் பிறகு சொல்லித்தான் எனக்கு விசயமே விளங்கினது."

"சரி, அதிலை என்ன அண்ணை?"

"தகப்பன்ரை பொருள் தம்பி. பொய் சொல்லி வாங்கிப்போட்டன். திருப்பிக் குடுக்க விலாசம் தெரியாது. வெளியிலை குத்திக்கொண்டு திரிய வெக்கம். எறியவும் ஏலாது. அப்ப நான் என்ன செய்யிறது? சொன்ன பொய்யை உண்மையாக்கிறதைத் தவிர வேறை வழி தெரியேல்லை."

அன்றிலிருந்து மனிதர் ஒரு ஆட்டம் விடவில்லை. முதலில் வானொலியில், பிறகு கணினியில். விளங்காத காலத்தில் விளங்காமலே கேட்டிருக்கிறார். எங்கேயோ ஒருவர் தன்னை மியூல்ஸ் ஆள் என்று நம்பிக்கொண்டிருக்கிறார், அந்த நம்பிக்கைக்குக் குறை வந்துவிடக்கூடாது, அவ்வளவுதான். என்றைக்காவது அந்த மனிதரைக் கண்டு, உண்மையைச் சொல்லி, வில்லையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய வாழ்நாள் நேர்த்தி.

அடுத்த கோடையில் மியூல்ஸ் அணி விளையாடுவதற்கு லண்டனுக்கே வந்தது. அண்ணை கூப்பிட்டும் அவருடைய மனைவி வரவில்லை. "நான் ஒரு கழுதையைக் கட்டிக்கொண்டு படுற பாடு போதும், மற்றக் கழுதையளையும் பாக்கவேணுமோ? தம்பி, நீர் கூட்டிக்கொண்டு போம்" என்று மீன் ரோல்ஸைச் சுற்றி என் கையில் தந்துவிட்டார்.

மத்தியான ஆட்டம். ரயில் ஏறியதும் எனக்குத் தலை சுற்றியது. பெட்டி முழுவதும் கடுகு மஞ்சள் தொப்பிகள். அமெரிக்காவிலிருந்து விமானம் ஏறி வந்தவர்கள். திரும்பிய பக்கமெல்லாம் கழுதை பல்லை இளித்தது. வெறும் தலையோடு நின்றவன் நான் ஒருவன்தான். எல்லோரும் என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அண்ணை துள்ளிக் குதிப்பார் என்று பயந்திருந்தேன். அவரோ என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்றார்.

"என்ன அண்ணை?"

"இவையெல்லாம் உண்மையான ஆக்கள் தம்பி" என்றார் மெதுவாக.

மைதானத்துக்குள் போனதும் அவர் அந்த மனிதரைத் தேடத் தொடங்கினார்.

"ஆள் எப்பிடி அண்ணை?"

"வெள்ளைக்காரன். நல்ல உயரம். இப்ப வயசு போயிருக்கும். மஞ்சள் தொப்பி போட்டிருப்பார்."

நான் சுற்றிப் பார்த்தேன். அந்த அடையாளத்தில் அந்த மைதானத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தார்கள். ஆனாலும் அவர் விடவில்லை. வரிசை வரிசையாகப் போய், நரைத்த தலைகளைக் குனிந்து குனிந்து பார்த்து, "ஐயா, நீங்கள் எப்போதாவது வெம்பிளியில் பெற்றோல் அடித்தீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டு போனார். பின்னால் நான் ரோல்ஸ் பொட்டலத்தோடு, ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனேன். ஆட்டத்தின் நடுவில் எல்லோரும் எழுந்து கைகால் நீட்டிப் பாடுகிற வழக்கம் ஒன்று அவர்களுக்கு உண்டு. அந்த நேரம் பார்த்து அண்ணை நடைபாதையில் நின்று கையை ஆட்டி என்னைக் கூப்பிட்டார். இவர்தான் பாட்டை நடத்துகிறார் என்று நினைத்து, ஒரு பகுதி முழுவதும் அவர் கையைப் பார்த்துப் பாடியது. அந்தப் படம் பெரிய திரையில் வந்தது. பின்னால் மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு நானும் வந்தேன்.

களைத்துப்போய் எங்கள் இடத்தில் வந்து உட்கார்ந்தோம். அண்ணையின் அடுத்த கதிரையில் ஒரு அமெரிக்க அம்மா இருந்தார். ஆள் நல்ல பருமன், கலகலப்பானவர். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டதுதான் தாமதம், அண்ணை தொப்பியைக் கழற்றி, வில்லையைப் பிடுங்கி, அவர் கையில் வைத்துவிட்டார். வெம்பிளி, பனிக்காலம், யெஸ், யெஸ், யெஸ் எல்லாவற்றையும் சொன்னார். "இது என்னுடையதில்லை. உங்கள் ஊருக்குக் கொண்டுபோங்கள். நான் அன்றைக்குப் பொய் சொன்னவன்" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த அம்மா சிரிக்கத் தொடங்கினார். கதிரை குலுங்கச் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. அண்ணையைப் பார்த்து நான் சிரிக்கலாம். வேறு ஆட்கள் சிரிக்கக்கூடாது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"என் புருசனை முதன்முதல் சந்தித்தபோது எனக்கு மியூல்ஸ் என்றால் உயிர் என்று சொன்னேன்" என்றார் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆள் பார்க்க நன்றாக இருந்தார், அதனால் சொன்னேன். கழுதையில் ஏறி விளையாடுகிற ஆட்டமாக்கும் என்று நினைத்திருந்தேன். அதுசரி, அன்றிலிருந்து எத்தனை ஆட்டம் பார்த்தீர்கள்?"

"எல்லாம்" என்றார் அண்ணை.

"எல்லாம் என்றால்?"

"எல்லாம்."

அவருடைய சிரிப்பு நின்றது. பின்வரிசையைத் திரும்பிப் பார்த்து, "இந்த மனிதர் எல்லா ஆட்டமும் பார்த்திருக்கிறாராம்! ஒன்று விடாமல்!" என்று கத்தினார். பின்வரிசை எழுந்து நின்றது. ஒரு கிழவர், "எங்கள் ஊரிலேயே அப்படி ஒரு பைத்தியக்காரன் கிடையாது" என்று அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆளாளுக்கு வந்து கை கொடுத்தார்கள். அந்த அம்மா வில்லையை வாங்கிப் போகவில்லை. தொப்பியை அண்ணையின் தலையில் வைத்து, வில்லையை வெளியே, கழுதையின் காதுக்குப் பக்கத்தில் தானே குத்திவிட்டார். அண்ணையின் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். என் வெறும் தலையைப் பார்த்தார். "இவர் உன்னுடைய ஆளா?"

பழக்க தோசம், 'ஆரெண்டு தெரியாது' என்பது நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அண்ணை என்னைப் பார்க்கவில்லை. மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோயில் தெருவில் கேட்டுக்கொண்டு நின்றது போலவே இப்போதும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"யெஸ்" என்றேன்.

"நீயும் மியூல்ஸ் ஆளா?"

"யெஸ்."

"கனகாலமாகவா?"

"யெஸ்."

"அழுதிருக்கிறாயா?"

"யெஸ்" என்றேன். மியூல்ஸைப் பற்றிச் சொன்னதில், அந்த நிமிடத்தில் அது ஒன்று மட்டும் பொய்யில்லை.

அவர் தன் பையிலிருந்து ஒரு மஞ்சள் தொப்பியை எடுத்து என் தலையில் கவிழ்த்துவிட்டார். சற்று நேரத்தில் மியூல்ஸ் வெல்லப்போகிறது என்று மைதானமே எழுந்து நின்றது. நாங்களும் எழுந்தோம். வழக்கம்போலத் தோற்றோம்.

திரும்பி வரும் ரயிலில் வெம்பிளி நெருங்க நெருங்க மஞ்சள் தொப்பிகள் குறைந்து, கடைசியில் எங்கள் இரண்டு தலைதான் மிஞ்சியது. எதிரே ஒரு தமிழ்க் குடும்பம் எங்களைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அண்ணை என் காதருகே குனிந்தார்.

"தம்பி, யெஸ் எண்டு சொல்லிப்போட்டீர். இனி எல்லா மட்சும் பாக்கவேணும். தெரியும்தானே?"

"தெரியும் அண்ணை."

இப்போதும் எனக்கு வெட்கம்தான். வெம்பிளிக் கடைத்தெருவில் இரண்டு கழுதைகள் பல்லை இளித்துக்கொண்டு போகின்றன என்று ஆட்கள் பேசுகிறார்கள். பேசட்டும். மியூல்ஸ் நேற்றும் விளையாடியது. என்ன ஆனது என்று எனக்கு இன்னும் தெரியாது. இதை எழுதி முடித்துவிட்டு அண்ணை வீட்டுக்குத்தான் போகிறேன். வழியில் என்னைக் காண்கிறவர்கள் தயவுசெய்து ஸ்கோரை மட்டும் சொல்லிவிடாதீர்கள். தோற்பதென்றால் நான் அவர் பக்கத்தில் இருந்து தோற்க வேண்டும்.